மகள் சொன்ன கதை

கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற தம்பதி ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும். அவர்களுடைய வாழ்க்கையை அமெரிக்கத் தொலைக்காட்சி இரண்டு முறை நாடகமாக எடுத்தது. இரண்டுக்கும் நடுவே 41 ஆண்டுகள். அதற்குள் கதை சொல்லும் ஆள் மாறிவிட்டார்.

1981ஆம் ஆண்டு மே மாதம் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' என்ற படம் ஒளிபரப்பானது. டாமி வைனெட் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எழுதியிருந்த சுயசரிதைதான் அதன் கதை. டாமியாக அனெட் ஓ'டூல் நடித்தார். டாமியின் மூன்றாவது கணவர் ஜார்ஜ் ஜோன்ஸாக டிம் மெக்கின்டயர் நடித்தார். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வராமல் போகும் கணவன், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் மனைவி, கடைசியில் விவாகரத்து. நாடு முழுக்கத் தெரிந்த ஒரு குடும்பத்தின் சண்டை, நாடு முழுக்க வீட்டுக் கூடங்களில் ஓடியது.

அதே ஆண்டு ஜார்ஜ் ஜோன்ஸின் புதிய ஆல்பம் ஒன்று வெளிவந்தது. அதில் ஒரு பாட்டை அவரோடு சேர்ந்து பாடியவள் ஜார்ஜெட். ஜார்ஜுக்கும் டாமிக்கும் பிறந்த ஒரே குழந்தை, வயது பத்து. பாட்டின் பெயர் 'டாடி கம் ஹோம்'. பிரிந்துபோன அப்பாவை வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு குழந்தை கேட்கும் பாட்டு. ஜார்ஜெட்டின் அம்மாவும் அப்பாவும் அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போதே பிரிந்தவர்கள். பெரியவர்கள் எழுதிக் கொடுத்த வரிகளை அவள் பாடினாள். வீட்டில் நடந்ததைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு மேலும் 30 ஆண்டுகள் ஆயின.

2011இல் ஜார்ஜெட் ஜோன்ஸ் 'த த்ரீ ஆஃப் அஸ்' என்ற நூலை எழுதினார். அதை அடிப்படையாக வைத்து ஏப் சில்வியா உருவாக்கிய 'ஜார்ஜ் அண்ட் டாமி' தொடர் 2022 டிசம்பர் 4 அன்று ஷோடைம் தொலைக்காட்சியில் தொடங்கியது. மொத்தம் ஆறு எபிசோட்கள். எல்லாவற்றையும் இயக்கியவர் ஜான் ஹில்கோட். டாமியாக ஜெசிக்கா சாஸ்டெய்ன், ஜார்ஜாக மைக்கேல் ஷானன். நடிப்புக்காகவே பெரிதும் பேசப்பட்ட தொடர் இது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, யாருடைய கண் வழியாக அந்த வீட்டைப் பார்க்கிறோம் என்பது. பாடகர்களின் சீரழிவை ஊரே கதையாகப் பேசியிருக்கிறது. பாட்டுக் கம்பெனி அதை விற்றிருக்கிறது. பாடகர்களே அதை மேடையில் பாடிக் காசாக்கியிருக்கிறார்கள். அந்த வீட்டின் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை பேசும்போது வேறு கதை வருகிறது.

பருத்திக்காட்டிலிருந்து நாஷ்வில் வரை

டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரம்தான் கன்ட்ரி இசையின் தலைநகர். 1925இல் அங்கே வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யின் மேடையில் ஒருமுறையாவது பாடிவிட வேண்டும் என்பது தென்மாநிலத்து ஏழைக் குடும்பங்களில் பிறந்த பாட்டுக்காரர்களின் கனவு. ஃபிடில், ஸ்டீல் கிட்டார், நாலைந்து சுரக்கூட்டுகள், நடந்ததை நடந்தபடி சொல்லும் வரிகள். குடி, துரோகம், பிரிவு, கடவுள், அம்மா, ரயில் எல்லாம் அதில் உண்டு. பாடுகிறவர் தன் வாழ்க்கையைத்தான் பாடுகிறார் என்று ரசிகர்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையில் நிற்கும் இசை இது.

டாமியின் இயற்பெயர் வர்ஜீனியா வைனெட் பியூ. 1942இல் மிசிசிப்பி மாநிலத்தின் ட்ரெமான்ட் அருகே பிறந்தார். அவர் ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போது அப்பா மூளைக் கட்டியால் இறந்துபோனார். தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்த டாமி, சிறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் கல்யாணம். மூன்று பெண் குழந்தைகள். மூன்றாவது குறைமாதத்தில் பிறந்து மெனிஞ்சைடிஸ் நோயோடு போராடியது. அழகு நிலையத்தில் முடி திருத்திப் பிழைத்துக்கொண்டிருந்த அந்த இளம்பெண், 1966இல் மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நாஷ்வில் வந்து, ரிக்கார்டு கம்பெனிகளின் படிகளில் ஏறி இறங்கினார். எபிக் கம்பெனியின் தயாரிப்பாளர் பில்லி ஷெரில் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டார். குதிரைவால் கொண்டையோடு வந்து நின்றவருக்கு, டெபி ரெனால்ட்ஸ் நடித்த ஒரு படத்தின் கதாநாயகியை நினைத்து, டாமி என்று பெயர் வைத்தவரும் அவரே.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததை வேகம் என்று சொன்னால் போதாது. 1968இல் 'டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-ஈ' வந்தது. குழந்தைக்குப் புரிந்துவிடக் கூடாதே என்று விவாகரத்து என்ற சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லும் ஒரு தாயின் பாட்டு. அதே ஆண்டு ஷெரிலும் டாமியும் ஸ்டுடியோவில் கால் மணி நேரத்தில் எழுதி முடித்ததாகச் சொல்லப்படும் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' வந்தது. கணவன் எப்படி இருந்தாலும் அவன் பக்கம் நில் என்ற அந்தப் பாட்டைப் பெண்ணியவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 1992இல் ஹில்லரி கிளின்டன் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அதைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லப்போய், பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அப்படி நில்லென்று பாடியவரோ தன் வாழ்நாளில் ஐந்து முறை கல்யாணம் செய்துகொண்டார். எத்தனை லட்சம் ரிக்கார்டு விற்றபோதும் முடி திருத்தும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். பாட்டு எந்நேரமும் கைவிட்டுவிடும் என்ற பயம் கடைசிவரை அவரை விடவில்லை.

ஜார்ஜ் ஜோன்ஸ் 1931இல் டெக்சாஸின் சரடோகாவில் பிறந்தவர். அப்பா குடிகாரர். நள்ளிரவில் நண்பர்களோடு வீடு திரும்பி, தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பாடச் சொல்வார், மறுத்தால் அடி. பிறகு அதே அப்பாதான் கிட்டாரும் வாங்கிக் கொடுத்தார். போமான்ட் நகரத் தெருக்களில் பாடிச் சில்லறை சேர்த்த அந்தப் பையன், பற்களை லேசாகக் கடித்தபடி, ஒரு சொல்லை வளைத்து நெளித்து மூன்று நான்கு சுரங்களில் இழைத்துப் பாடும் தனி வழியைக் கண்டுபிடித்தான். பாடகர்களே மதித்த பாடகர் அவர். அன்புக்காகவும் அடிக்குப் பயந்தும் பாடப் பழகியவருக்கு, மேடை கடைசிவரை பயமான இடமாகவே இருந்தது என்பது என் எண்ணம். குடிக்காமல் அந்த மேடையேற அவரால் முடியவில்லை. ஷானன் இந்தப் பயத்தைத்தான் பிடித்துக்கொண்டு நடித்திருக்கிறார்.

விற்பனைக்கு ஒரு திருமணம்

1968இல் ஒரு நாள் டாமியின் வீட்டுச் சாப்பாட்டு மேசை. டாமியும் இரண்டாவது கணவர் டான் சாப்பலும் வாக்குவாதத்தில் இருக்கிறார்கள். விருந்துக்கு வந்த ஜார்ஜ் எழுந்து மேசையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தான் டாமியைக் காதலிப்பதாகச் சொல்லி, அவரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். இது கற்பனைக் காட்சி கிடையாது. இருவருமே தங்கள் வாழ்க்கையைச் சொல்லும்போது குறிப்பிட்ட சம்பவம். தொடரின் தொடக்கத்தில் இதைப் பார்க்கும்போது சிலிர்க்கிறது. தன்னைக் காப்பாற்ற ஒருவன் வந்துவிட்டான் என்று அந்தப் பெண்ணின் முகத்தில் தெரியும் நம்பிக்கையை சாஸ்டெய்ன் ஒரு நொடியில் காட்டிவிடுகிறார். மேசை கவிழ்ந்த சத்தத்தில் பயந்திருக்கக்கூடிய மூன்று சிறுமிகளைப் பற்றியும் நாம் நினைக்க வேண்டும். சுயசரிதைகளில் அவர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

1969 பிப்ரவரியில் ஜார்ஜியாவின் ரிங்கோல்டில் கல்யாணம். பயணப் பேருந்தின் பக்கத்தில் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் கன்ட்ரி மியூசிக்' என்று பெயர் எழுதப்பட்டது. 1970 அக்டோபரில் ஜார்ஜெட் பிறந்தார். ஃபுளோரிடாவின் லேக்லாண்டில் பெரிய வீடு, பக்கத்திலேயே தங்களுக்கென்று ஒரு இசைப் பூங்கா. அந்த வீட்டிலும் ஜார்ஜ் குடித்தார், பொருள்களை உடைத்தார், நாள்கணக்கில் காணாமல் போனார்.

இருவருக்கும் தயாரிப்பாளர் பில்லி ஷெரில்தான். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்கேற்ற பாட்டைத் தேடிக் கொடுப்பார். 1972இல் கல்யாணச் சடங்கையே பாட்டாக்கிய 'த செரிமனி'. 1973இல், டாமி விவாகரத்து மனு போட்டுத் திரும்பப் பெற்ற அதே ஆண்டில், 'வி ஆர் கோனா ஹோல்ட் ஆன்'. விட்டுவிட மாட்டோம் என்று தம்பதி பாடிய அது முதலிடத்துக்குப் போனது. 1975இல் விவாகரத்து. 1976இல் 'கோல்டன் ரிங்'. அடகுக்கடையில் தொடங்கி அடகுக்கடையிலேயே முடியும் ஒரு கல்யாண மோதிரத்தின் கதையை, பிரிந்துபோன இருவரும் மைக் முன்னால் நின்று பாடினார்கள். அதுவும் முதலிடம். கல்யாணம் நடந்தபோது விற்றதைவிட முறிந்தபிறகு நன்றாக விற்றது.

இந்த வியாபாரத்தைத் தொடர் நன்றாகவே காட்டுகிறது. டேவிட் வில்சன் பார்ன்ஸ் நடித்த ஷெரிலைக் கொடுமைக்காரராகக் காட்டாதது சரியான முடிவு. நல்ல பாட்டு எது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பாட்டின் விலை யார் உடம்பிலிருந்து போகிறது என்றும் தெரியும். இரண்டும் தெரிந்தும் ரெக்கார்டிங் விளக்கைப் போடுகிறார். ஜார்ஜின் ஆகப்பெரிய பாட்டு என்று கருதப்படும் 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹர் டுடே' 1980இல் வெளிவந்தது. அதை முடிக்க ஓராண்டுக்கும் மேல் ஆனது. இடையில் வரும் நாலைந்து வரிகளைப் பாட வேண்டாம், பேசினால் போதும். நிதானத்தோடு அந்த வரிகளைப் பேசும் நிலையில் ஜார்ஜ் வந்து நிற்பதற்காக ஸ்டுடியோ காத்துக் கிடந்தது. இவ்வளவு சோகப் பாட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஜார்ஜ் நம்பினார். நாடே வாங்கியது. அப்போது அவர் எலும்பும் தோலுமாக, கொக்கெய்ன் பழக்கத்தில், கடனில் மூழ்கியிருந்தார். 1979இல் மட்டும் 54 கச்சேரிகளுக்கு வராமல் போனார் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

புல்வெட்டி வண்டியும் ஊசி மருந்தும்

ஜார்ஜ் ஜோன்ஸ் என்றதும் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு புல்வெட்டி வண்டி. கணவன் மதுக்கடைக்குப் போகாமலிருக்க மனைவி கார் சாவிகளையெல்லாம் ஒளித்துவைத்தார். ஜன்னல் வழியே தோட்டத்தில் நின்ற புல்வெட்டி வண்டியை ஜார்ஜ் பார்த்தார். உட்கார்ந்து ஓட்டும் வகை. அதில் ஏறி எட்டு மைல் தள்ளியிருந்த கடைக்குப் போய்விட்டார். இது இரண்டாவது மனைவி ஷெர்லியோடு டெக்சாஸில் இருந்தபோது நடந்தது. டாமியும் தன் நூலில் இதேபோல ஒன்றைச் சொல்கிறார்: நடு இரவில் எழுந்து பார்க்கிறார், கணவன் இல்லை, தேடிப் போனால் மதுக்கடை வாசலில் அவர்கள் வீட்டுப் புல்வெட்டி நிற்கிறது.

காலம் போகப்போக இது வேடிக்கைக் கதையானது. 1993இல் பாடகர் வின்ஸ் கில்லின் இசை வீடியோவில் ஜார்ஜே புல்வெட்டி வண்டியில் வந்து போனார். 1996இல் தன் சொந்த வீடியோவிலும் அதை ஓட்டினார். கச்சேரிக்கு வராததற்காக ஊர் வைத்த 'நோ ஷோ ஜோன்ஸ்' என்ற பட்டப்பெயரிலேயே பாடகர் மெர்ல் ஹாகார்டோடு ஒரு பாட்டும் பாடினார். குடிகார ஆணை மன்னிக்கவும் ரசிக்கவும் அந்த இசைக்கு ஒரு வழி இருந்தது. சாவியை ஒளித்துவைத்துவிட்டு விழித்திருந்த பெண்களை அந்த வேடிக்கையில் யாரும் தேடவில்லை.

டாமியின் துன்பத்துக்கு அப்படி எந்த வழியும் இல்லை. ஜார்ஜெட் பிறந்த பிறகு கருப்பை எடுக்கும் அறுவைச் சிகிச்சை. தொற்று, உள்ளே தழும்புகள், அந்தத் தழும்புகளால் மேலும் வயிற்றுவலி, அதற்காக மேலும் அறுவைச் சிகிச்சைகள். வலிக்கு டெமரால் போன்ற கடும் மருந்துகள். அவற்றை உட்கொண்டுதான் மேடையேறினார்; பளபளக்கும் உடையில் ஆடாமல் அசையாமல் நின்று, அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பிப் பாடினார். நாளடைவில் வலி எங்கே முடிகிறது, மருந்துக்கான ஏக்கம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. 1986இல் கலிஃபோர்னியாவின் பெட்டி ஃபோர்டு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். அதன் பிறகும் மீளவில்லை.

1981 படத்தால் இதைச் சொல்ல முடிந்திருக்காது. அதற்குக் காரணம் இருந்தது. படம் வந்தபோது டாமி தன் ஐந்தாவது கணவர் ஜார்ஜ் ரிச்சியோடு வாழ்ந்துகொண்டிருந்தார். ரிச்சி சாதாரண ஆள் அல்லர். திறமையான பியானோக் கலைஞர், பாடலாசிரியர். ஜார்ஜ் ஜோன்ஸின் தலைசிறந்த பாட்டுகளில் ஒன்றான 'த கிராண்ட் டூர்' எழுதிய மூவரில் ஒருவர். மனைவி விட்டுப்போன வெறும் வீட்டைச் சுற்றிக் காட்டும் பாட்டு அது. அதை எழுதிய கை, நான்கு ஆண்டுகள் கழித்து, 1978இல், அந்தப் பாட்டைப் பாடியவரின் முன்னாள் மனைவிக்கு மோதிரம் போட்டது. டாமியின் வரவு செலவும் கச்சேரிகளும் மருந்துகளும் ஒவ்வொன்றாக ரிச்சியின் பொறுப்புக்குள் போயின. ஆகவே அந்தக் காலத்துக் கதையில் துன்பத்துக்குக் காரணம் ஒருவர்தான்: குடிகார ஜார்ஜ். டாமி எழுதிய சில சம்பவங்களை 1996இல் தன் சுயசரிதையில் ஜார்ஜ் மறுத்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகள் டாமியின் சொல்தான் நின்றது.

மகளின் கதையில் கெட்டவர் மாறுகிறார். ஸ்டீவ் ஸான் நடித்த ரிச்சி, குடும்ப நண்பராக, பணிவான உதவியாளராக, மெல்ல மெல்ல உள்ளே வருகிறார். முதல் மூன்று எபிசோட்களில் அவரைக் கவனிக்கவே மாட்டோம். பிறகு பார்த்தால் கதவுகளெல்லாம் அவர் கையில் இருக்கின்றன. டாமிக்கு மருந்து யார் தருகிறார், எவ்வளவு தருகிறார், எதற்காகத் தருகிறார் என்பதுதான் கடைசி எபிசோட்களின் பதற்றம். ஜார்ஜின் வெறியாட்டம் சத்தமாக இருந்தது, உடைந்த கண்ணாடியாக இருந்தது. அதைப் பார்த்து ஒரு பெண் விவாகரத்து கேட்க முடிந்தது. பணிவிடை என்ற பெயரில் நடப்பதை எதிர்த்து அவளால் யாரிடம் போய் என்ன கேட்க முடியும்? இந்தக் கேள்வியை எழுப்பியதற்காகவே இந்தத் தொடரை நான் மதிக்கிறேன். ஜார்ஜெட் பின்னாளில் பதிவுபெற்ற செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். வலிமருந்து ஒரு உடம்பை என்ன செய்யும் என்று அறிந்தவரின் கண் அந்தக் காட்சிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

குரலை நகலெடுக்காத இருவர்

நடிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாஸ்டெய்ன் இந்தக் கதையைப் பல ஆண்டுகள் கையில் வைத்துக்கொண்டு, தயாரிப்பாளராகவும் நின்று எடுத்திருக்கிறார். அவரும் ஷானனும் எல்லாப் பாட்டுகளையும் சொந்தக் குரலில் பாடினார்கள். ஜார்ஜ் ஜோன்ஸின் இழைப்பு ஷானனுக்கு வராது, யாருக்குமே வராது. அதைப் பாவனை செய்ய அவர் முயலவில்லை என்பது பெரிய விஷயம். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட ஒரு மனிதன் பாட்டின் வழியாக மட்டும் மூச்சு விடுவதைப் பார்க்கிறோம். சாஸ்டெய்னின் டாமி பாடும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது, தோள் அசையாது. 2023இல் நடிகர் சங்கத்தின் எஸ்.ஏ.ஜி. விருது சாஸ்டெய்னுக்குக் கிடைத்தது. எம்மிக்கு இருவருமே பரிந்துரைக்கப்பட்டார்கள்.

இருவரும் ஒரே மைக்கில் பாடும் காட்சிகள்தான் தொடரின் உயிர். சண்டை போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். முதல் வரி இறுக்கமாக இருக்கும். இரண்டாம் வரியில் ஒருவர் மூச்சை மற்றவர் வாங்கிக்கொள்வார். மூன்றாவதில் அந்தச் சண்டையே நடக்காததுபோல இருக்கும். பேச்சில் முடியாதது பாட்டில் முடிந்தது என்பதுதான் இவர்களைச் சேர்த்ததும், சேர்ந்து வாழ முடியும் என்று பொய்யாக நம்பவைத்ததும். வால்டன் காகின்ஸ் நடித்த பீனட் மான்ட்காமரி பாத்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஜார்ஜின் நெடுநாள் நண்பர், பாடலாசிரியர். குடியை விட்டுவிட்டுக் கடவுள் பக்கம் போனவர். 1977இல் ஜார்ஜ் அவரைத் துப்பாக்கியால் சுட்ட சம்பவம் உண்மையாக நடந்தது. குண்டு கார்க் கதவில் பாய்ந்ததால் பிழைத்தார். அவர் பிறகும் ஜார்ஜை வெறுக்கவில்லை.

தொடரின் குறை, காலத்தை அது நடத்தும் விதம். முதல் பாதியில் நிதானமாக நடக்கும் கதை, எண்பதுகளை நெருங்கியதும் ஓடுகிறது. 1978இல் டாமி ஒரு கடைத்தெருவின் கார் நிறுத்துமிடத்திலிருந்து கடத்தப்பட்டு, அடிபட்ட முகத்தோடு எண்பது மைல் தள்ளி இறக்கிவிடப்பட்டதாகச் சொன்ன சம்பவம் இன்றுவரை தெளிவுபடவில்லை. யாரும் கைதாகவில்லை. அந்தக் காயங்கள் வீட்டுக்குள் நேர்ந்தவை, கடத்தல் என்பது அதை மறைக்கச் சொன்ன கதை என்று அம்மாவே தன்னிடம் ஒப்புக்கொண்டதாக இன்னொரு மகள் ஜாக்கி டேலி 2000இல் எழுதிய நூலில் சொல்கிறார். இப்படிப்பட்ட ஒரு நிகழ்வுக்கே ஒரு முழு எபிசோட் தகும்.

பிள்ளைகளின் வரிசை

பெற்றோரின் கதையைச் சுமக்கும் பிள்ளைகள் கன்ட்ரி இசையில் இன்னும் இருக்கிறார்கள். 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்னிருக்கையில் 29 வயதில் இறந்துகிடந்தார் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ். அப்போது அவருடைய மகனுக்கு மூன்று வயது. 1964இல் ஹாங்க்கின் வாழ்க்கை 'யுவர் சீட்டின் ஹார்ட்' என்ற பெயரில் சினிமாவானபோது, திரையில் நடித்தவர் ஜார்ஜ் ஹாமில்டன். பாட்டுகளைப் பின்னணியில் பாடியது பதின்ம வயதிலிருந்த அந்த மகன், ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியர். அப்பாவின் குரலாக இருப்பதே தொழில் என்று வளர்க்கப்பட்ட பையன். அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியேற அவருக்குக் குடியும் மாத்திரைகளும் தேவைப்பட்டன. 1975இல் மான்டானா மலையிலிருந்து விழுந்து முகம் சிதைந்து பிழைத்தார். அவர் எழுதிய சுயசரிதையை 1983இல் என்.பி.சி. 'லிவிங் ப்ரூஃப்' என்ற தொலைக்காட்சிப் படமாக்கியது. தந்தையின் படத்தைவிட மகனின் படத்தில் உண்மை கூடுதல் என்பேன்.

பாடகர்கள் ஜானி காஷ், ஜூன் கார்ட்டர் காதலை 2005இல் 'வாக் த லைன்' சினிமாவாக உலகமே பார்த்தது. அதில் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்தவர் ஜானி. தூக்கி நிறுத்தியவர் ஜூன். மகன் ஜான் கார்ட்டர் காஷ் எழுதிய நூலை வைத்து 2013இல் லைஃப்டைம் தொலைக்காட்சி எடுத்த 'ரிங் ஆஃப் ஃபயர்' அவ்வளவு பெரிய படம் கிடையாது. பாடகி ஜுவல் ஜூனாக நடித்தார். ஆனால் காப்பாற்றியவளுக்கும் களைப்பு உண்டு, அவளும் மாத்திரைகளைத் தேடிய நாள்கள் உண்டு என்று அதில்தான் தெரிகிறது. அம்மாவைத் தெய்வமாக்காமல் சொல்ல மகனுக்கு மனம் இருந்திருக்கிறது. பெரிய சினிமா அந்தப் பக்கம் போகவே இல்லை.

2019இல் அதே லைஃப்டைமில் வந்த 'பாட்ஸி அண்ட் லொரெட்டா'வை இன்னும் மேலே வைப்பேன். இயக்கியவர் 'தெல்மா அண்ட் லூயிஸ்' படத்துக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கிய காலி கூரி. பாடகி பாட்ஸி கிளைனின் மகளும் பாடகி லொரெட்டா லின்னின் மகளும் பின்னணியில் உதவினார்கள். 1961இல் பாட்ஸி கார் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, கென்டக்கியின் சுரங்க ஊரிலிருந்து வந்த புதுப் பாடகி லொரெட்டா வானொலியில் அவருடைய பாட்டைப் பாடி அதை அவருக்கே காணிக்கையாக்கினார். பாட்ஸி ஆளனுப்பி அவரை வரவழைத்தார். அங்கே தொடங்கிய நட்பு, 1963 மார்ச்சில் விமான விபத்தில் பாட்ஸி 30 வயதில் இறக்கும்வரை நீடித்தது. அடுத்த ஆண்டு லொரெட்டாவுக்குப் பிறந்த இரட்டைப் பெண்களில் ஒருவருக்கு பாட்ஸி என்று பெயர். படத்துக்கு உதவிய மகள் அவரேதான். கணவர்களின் குடியும் அடியும் இதிலும் வருகின்றன. அவற்றை அந்த இரண்டு பெண்களும் சமையலறையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள். டாமிக்கு அப்படி ஒரு சமையலறை நீண்ட காலம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இறந்தவர் பதில் சொல்ல முடியாது

பிள்ளைகள் சொல்வதாலேயே எல்லாம் உண்மையாகிவிடாது. அதையும் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் ரிச்சி 2010இல் இறந்தார். ஜார்ஜெட்டின் நூல் வந்தது அடுத்த ஆண்டு. ரிச்சியால் மறுக்கவோ விளக்கவோ முடியாது. தொடர் வெளியான சமயத்தில், டாமிக்குப் பிறகு ரிச்சி மணந்த மனைவி தயாரிப்பாளர்கள்மீது வழக்குத் தொடுத்தார். தன் மறைந்த கணவரைத் தாழ்த்திப் பேசுவதில்லை என்று ஜார்ஜெட் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்ததாக அவர் வாதிட்டார். 1981 படத்தில் குடியில் தள்ளாடிக்கொண்டிருந்த ஜார்ஜ் தன் பக்கத்தைச் சொல்ல முடியாமல் இருந்தார். 2022 தொடரில் ரிச்சி அந்த இடத்தில் இருக்கிறார்.

அப்பாவை மகள் எளிதாக மன்னிக்கிறாளோ என்றும் எனக்குத் தோன்றியது. ஷானனின் ஜார்ஜ் எவ்வளவு உடைத்தாலும் நம் மனம் அவர் பக்கமே போகிறது. ஜார்ஜெட் அப்பாவோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்தவர். பின்னர் சேர்ந்து, 2008இல் வெளிவந்த ஆல்பத்தில் அவரோடு மீண்டும் ஒரு பாட்டுப் பாடினார். இம்முறை பத்து வயதுக் குழந்தையாக அல்ல, தானும் சேர்ந்து எழுதிய பாட்டில். சமாதானம் ஆனபிறகு எழுதிய நூல் என்பதால் அந்த வாஞ்சை அதில் ஏறியிருக்கிறது. ஜார்ஜ் கையோங்கிய இரவுகளைத் தொடர் மறைக்கவில்லை. ஆனால் அவற்றிலிருந்து சீக்கிரம் நகர்ந்துவிடுகிறது. ரிச்சியின் காட்சிகளில் கேமரா காட்டும் பொறுமை ஜார்ஜின் காட்சிகளில் இல்லை.

டாமியின் கடைசி ஆண்டுகளில் மகிழ்ச்சியும் இருந்தது. 1991இல் பிரிட்டனின் கே.எல்.எஃப். குழுவோடு அவர் பாடிய நடனப் பாட்டு பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. 1995இல் ஜார்ஜும் அவரும் 'ஒன்' என்ற ஆல்பத்தைப் பாடி, சேர்ந்து பயணம் போனார்கள். 1998 ஏப்ரல் 6 அன்று நாஷ்வில் வீட்டில், சோபாவில் படுத்திருந்த நிலையில் டாமி இறந்தார். வயது 55. பிட்ஸ்பர்க்கிலிருந்து விமானத்தில் வந்து பார்த்த அவருடைய மருத்துவர், நுரையீரலில் ரத்தக்கட்டு என்றார். உடற்கூறாய்வு நடக்கவில்லை.

தொடர் ஏறக்குறைய இங்கே முடிந்துவிடுகிறது. ஏழாவது எபிசோடுக்கான கதை அடுத்த வசந்தத்தில் நடந்தது. 1999 மார்ச் 6 அன்று ஜார்ஜ் தன் வீட்டருகே காரைப் பாலத்தின் சுவரில் மோதினார். வண்டியில் வோட்கா பாட்டில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. நான்காவது மனைவி நான்ஸியோடு மேலும் 14 ஆண்டுகள் வாழ்ந்து, 2013இல் 81 வயதில் இறந்தார். அவர் அந்த விபத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில், டாமியின் மகள்கள் மருத்துவர்மீதும் ரிச்சிமீதும் ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். டாமியின் உடல் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டு ஆய்வு செய்யப்பட்டது. இதயத் துடிப்பு சீர்கெட்டதே காரணம் என்றது அறிக்கை. உடலில் மருந்துகளின் தடயம் இருந்தது. சாவில் அவற்றுக்குப் பங்கு உண்டா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அடுத்த மாதமே மகள்கள் வழக்கிலிருந்து ரிச்சியின் பெயரை நீக்கினார்கள். அந்த மூன்று மாதங்களை இன்னும் யாரும் படமாக்கவில்லை.